பழைய விண்டோசும் அம்மாவின் பேச்சும்



கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் ஐந்து நாள்களைச் செலவிட்டு, ஒரு பழைய மடிக்கணினியில் அதைவிடப் பழைய இயங்குதளம் ஒன்றை நிறுவினேன். அது விண்டோஸ் எக்ஸ்பி. 2001ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்து, 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு மைக்ரோசாப்டின் ஆதரவு நிறுத்தப்பட்ட இயங்குதளம். "ஊரெல்லாம் முன்னோக்கிப் போகிறது. நீ மட்டும் பின்னோக்கிப் போகிறாயே" என்று கணவர் கேலி செய்தார். நியாயமான கேலிதான். ஆயினும் அந்த ஐந்து நாள்களில் எனக்குக் கிடைத்ததை வேறு எந்த வழியிலும் பெற்றிருக்க முடியாது. உங்கள் பள்ளி அலமாரியிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

மகளின் கேள்வி

என் மகள் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். தாத்தா பாட்டியின் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருமாறு அவளுடைய ஆசிரியர் பணித்திருந்தார். என் அம்மா சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகள் பிறப்பதற்கு முன்பே, 2013ஆம் ஆண்டில், காலமாகிவிட்டார். எனவே மகளுக்குப் பாட்டி என்றால் சுவரில் தொங்கும் ஒரு படம் மட்டுமே.

என்னிடம் ஒரு நூல் இருந்தது. நூல் என்பதைவிட மலர் என்பதே பொருந்தும். 2002ஆம் ஆண்டில் நான் ஈப்போ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி மாணவியாக இருந்தபோது, எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, தோட்டத் தமிழ்ப்பள்ளியும் வேறிடம் மாறவிருந்த நேரத்தில், பிரியாவிடை மலராக அதனைத் தயாரித்தோம். 64 பக்கங்கள். தோட்டத்துப் பெரியவர்கள் 22 பேரை ஒலிநாடாவில் பேசவைத்து, அதைக் கேட்டுக் கேட்டு நானே தட்டச்சு செய்தேன். அம்மாவும் அந்த 22 பேரில் ஒருவர்.

மலரை எடுத்து, அம்மாவின் பக்கத்தைத் திறந்து மகளிடம் கொடுத்தேன். அவள் அமைதியாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, இது பாட்டி பேசியது மாதிரி இல்லையே. நீங்கள் வகுப்பில் பேசுவது மாதிரிதான் இருக்கிறது" என்றாள்.

நான் மீண்டும் அந்தப் பக்கத்தைப் படித்தேன். "மழைக்காலங்களில் தோட்டத் தொழிலாளர்கள் சொல்லொணாத் துயரங்களை அனுபவித்தனர். எனினும் கல்வியே கண்ணெனக் கருதித் தம் மக்களைக் கற்றோராக்கினர்." அம்மா தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் 'சொல்லொணா' என்ற சொல்லை உச்சரித்திருக்க மாட்டார். இருபத்திரண்டு வயதுப் பயிற்சி ஆசிரியை அம்மாவின் பேச்சைத் திருத்திவிட்டாள். மதிப்பெண் போடாதது ஒன்றுதான் குறை.

ஒலிநாடா எப்போதோ பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. ஆனால் அன்றிரவு படுத்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. பேச்சை முதலில் உள்ளது உள்ளபடியே தட்டச்சு செய்துவிட்டு, பிறகுதான் திருத்துவேன். அந்த மலரைப் பக்கம் அமைத்தது பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில். அதில் தாளைச் சுற்றி ஒரு வெற்றிடம் இருக்கும். தேவைப்படாத படத்தையும் எழுத்தையும் இழுத்து அங்கே போட்டு வைக்கலாம். கோப்பைச் சேமிக்கும்போது அவையும் சேர்ந்தே சேமிக்கப்படும். ஆனால் அச்சில் வரமாட்டா. திருத்துவதற்கு முன் இருந்த மூலத்தை நான் அங்கே போட்டு வைத்திருக்கலாம் அல்லவா?

ஒருவேளைதான். ஆனாலும் தூக்கம் போய்விட்டது.

முக்கால் பங்கு தமிழ்

மலர்க் கோப்புகளைப் பதிந்து வைத்த குறுவட்டுகள் இரண்டு இருந்தன. இப்போதைய மடிக்கணினிகளில் குறுவட்டுச் செருகி கிடையாது. தனியாக ஒன்றை வாங்கி இணைத்தேன். முதல் வட்டைக் கணினி அடையாளமே காணவில்லை. வீட்டில் பதியும் குறுவட்டுகளில் தகவலைத் தாங்குவது ஒருவகைச் சாயப் படலம். வெப்பத்திலும் ஈரத்திலும் அது நாளடைவில் கெட்டுப்போகும். நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் அது எம்மாத்திரம்? நல்லவேளையாக இரண்டாவது வட்டு திறந்தது. எதையும் திறந்து பார்ப்பதற்கு முன், உள்ளிருந்த அனைத்தையும் இரண்டு விரலிகளில் படியெடுத்துக்கொண்டேன்.

உள்ளே பேட்டி கொடுத்தோரின் பெயர்ப் பட்டியல் ஒரு சாதாரண உரைக்கோப்பாக இருந்தது. திறந்தேன். திரையில் தமிழ் இல்லை. தலையில் கோடும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள், பின்னங்கள், அயல்நாட்டுப் பணக்குறிகள்... 2000களில் தமிழில் மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று.

அதன் காரணத்தைப் பெற்றோர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. அன்றைய எழுத்துருக்களில் 256 இடங்கள் மட்டுமே இருந்தன. அவற்றில் முற்பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. பிற்பாதியில் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் இருந்தன. நம்மவர்கள் அந்தப் பிற்பாதியில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். எண் அதுவேதான், முகம் மட்டும் தமிழ் முகம். உரிய எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லையேல் அந்த எண்ணுக்குரிய ஐரோப்பிய முகம் தெரியும்.

இதில் இன்னொரு சிக்கல். எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையைக் கையாண்டனர். 1990களின் பிற்பகுதியில் உலகெங்கும் இருந்த தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே கலந்துபேசி 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டில் 'டாப்', 'டாம்' ஆகிய இரண்டும் முன்வைக்கப்பட்டன. 'பாமினி' போன்ற எழுத்துருக்கள் இன்னொரு பக்கம். நம் நாட்டைப் பொறுத்தவரை, முத்து நெடுமாறன் அவர்கள் 1985இல் தொடங்கி வளர்த்தெடுத்த முரசு மென்பொருளும், அதன் வழி வந்த முரசு அஞ்சலும்தான் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குக் கணினித் தமிழின் வாசலைத் திறந்துவிட்டவை. என் மலரும் முரசு அஞ்சலின் திஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டதுதான்.

திஸ்கியில் 'த' இருக்கும் எண்ணில் ஐரோப்பிய எழுத்துருவில் இருப்பது முக்கால் என்னும் பின்னக்குறி. 'ம' இருக்கும் இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'. இகரக் கொம்புக்கு அமெரிக்கச் செண்டுக் குறி. 'ழ்' என்பதற்குச் சாய்கோடு போட்ட 'யூ'. ஆக, எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்னும் சொல்லே முக்காலில் தொடங்கிச் செண்டு வழியாகப் போய்க்கொண்டிருக்கும்!

பெயர்ப் பட்டியலில் ஒரு வரியின் இறுதியில் நான்கு குறிகளைக் கண்டேன். இரட்டைக் கோண மேற்கோள் குறி, தலையில் நெளிகோடு போட்ட 'ஓ', சாய்கோடு போட்ட 'ஏ', கடைசியில் தலைகீழாக நிற்கும் ஒரு வியப்புக்குறி. பழைய அட்டவணையை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அ, ம், ம, கால். 'அம்மா'. பட்டியல் தயாரித்தபோது அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் அப்படிக் குறித்து வைத்திருக்கிறேன்.

உரைக்கோப்பை இன்றைய தமிழுக்கு மாற்றுவது எளிது. சுரதாவின் பொங்குதமிழ், சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர் ஆகிய கருவிகள் பல்லாண்டுகளாக இத்தொண்டினைச் செய்துள்ளன. வெறும் எண்ணை மாற்றினால் போதாது என்பதையும் குறிப்பிட வேண்டும். 'கொட்டகை' என்று எழுதும்போது திஸ்கியில் நாம் கையால் எழுதுவதுபோல முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்ற வரிசையில் இருக்கும். ஒருங்குறியில் முதலில் 'க', அதன்பின் ஒகரக் குறி. மாற்றி இந்த வரிசையையும் சரிசெய்தாக வேண்டும்.

பெயர்ப் பட்டியல் ஒரு நிமிடத்தில் தமிழாயிற்று. ஆனால் மலர் அப்படியன்று. அது பேஜ்மேக்கர் கோப்பு. பேஜ்மேக்கரை 1985இல் வெளியிட்டது ஆல்டஸ் நிறுவனம். 1994இல் அது அடோபியுடன் இணைந்தது. 2001இல் வந்த 7.0தான் கடைசிப் பெரும்பதிப்பு. அடுத்து வந்த இன்டிசைன் மென்பொருள் அதன் கோப்புகளைத் திறந்தது உண்மைதான். ஆனால் சி.எஸ்.6 பதிப்போடு அந்த வசதியும் நின்றுவிட்டது. பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க நம்பகமான வழி பேஜ்மேக்கரே. அதற்கு அதன் காலத்து விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் இயங்குதளம். 1990களின் மென்பொருள்கள் பலவற்றின் நிறுவிகள் 16 பிட் வகையைச் சேர்ந்தவை. 64 பிட் விண்டோஸ் அவற்றைத் தொடங்கவே விடுவதில்லை.

ஐந்து நாள் போராட்டம்

அலமாரியின் அடியில் 2008இல் வாங்கிய ஒரு மடிக்கணினி இருந்தது. மின்கலம் செத்துப் போயிருந்தாலும் மின்கம்பியோடு இணைத்தால் உயிர்பெற்றது. அதில் இருந்தது விஸ்தா. எனக்கு வேண்டியதோ எக்ஸ்பி. பழைய மேசைக் கணினியோடு வந்த எக்ஸ்பி குறுவட்டு உறையோடு பத்திரமாக இருந்தது. மேசைக் கணினி பழைய இரும்புக் கடைக்குப் போய் வெகுநாளாயிற்று.

முதல் நாள், மடிக்கணினியில் இருந்த குடும்பப் படங்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். புதிய இயங்குதளத்தை நிறுவினால் வன்தட்டு துடைக்கப்படும். இதை மறந்து அழுதவர்கள் பலர்.

இரண்டாம் நாள், எக்ஸ்பி வட்டைப் போட்டுத் தொடங்கினேன். நீலத்திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. 'விண்டோஸ் தொடங்குகிறது' என்று வந்த மறுகணம் முழுத் திரையும் நீலமாகி, நீண்ட பிழை எண் ஒன்றைக் காட்டி நின்றது. இறுதியில் 7, அதன்பின் ஆங்கில 'பி'. மீண்டும் தொடங்கினேன். மீண்டும் அதுவே. வட்டுதான் கெட்டுவிட்டது போலும் என்றெண்ணி மனம் சோர்ந்தேன்.

மூன்றாம் நாள்தான் காரணம் புரிந்தது. வட்டு கெடவில்லை. அந்த மடிக்கணினியின் வன்தட்டு 'ஏ.எச்.சி.ஐ.' என்ற முறையில் பேசுகிறது. அம்முறை 2004இல் வந்தது. 2001இல் பிறந்த எக்ஸ்பியின் வட்டில் அந்த மொழி இல்லை. எதிரே வன்தட்டு இருக்கிறது, ஆனால் எக்ஸ்பி அதைக் காணவில்லை. காணாததால் நின்றுவிட்டது. கணினியைத் தொடங்கும்போதே அதன் அடிப்படை அமைப்புக்குள் நுழைந்து, வன்தட்டின் முறையைப் பழைய 'ஐ.டி.இ.' முறைக்கு மாற்றி வைத்தேன். மாற்ற வேண்டியிருந்தது அந்த ஒரே ஒரு வரிதான். அதன்பின் தங்குதடையின்றி ஏறிற்று.

25 எழுத்துகள் கொண்ட உரிமக் குறியை உறையைப் பார்த்து உள்ளிட்டேன். ஓரிடத்தில் மை தேய்ந்து, எட்டா ஆங்கில 'பி'யா என்று தெரியவில்லை. இரண்டையும் முயன்று 'பி' என்று கண்டேன். உரிமத்தை உறுதிப்படுத்த எக்ஸ்பி 30 நாள் அவகாசம் தரும். எனக்கு வேண்டியதோ ஒரு வாரம்தான். இணையத்தோடு மட்டும் அதை இணைக்கவே இல்லை. பாதுகாப்பு இற்றைகள் நின்று பத்தாண்டுக்கு மேலான இயங்குதளத்தை இணையத்தில் விடுவது, கதவில்லாத வீட்டில் நகையை வைத்துவிட்டு ஊருக்குப் போவது போன்றது. கோப்புகள் போவதும் வருவதும் விரலி வழியாகத்தான்.

நான்காம் நாள் பேஜ்மேக்கர் 6.5ஐ நிறுவி, மலர்க் கோப்பைத் திறந்தேன். எழுத்துரு காணவில்லை, அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு பெட்டி கேட்டது. சரி என்றேன். 64 பக்கமும் முக்காலும் செண்டும் தலைகீழ் வியப்புக்குறியுமாக விரிந்தது. கோப்பை மூடி, குறுவட்டில் தனியாக எடுத்து வைத்திருந்த முரசு எழுத்துருக்களை எழுத்துருக் கோப்புறையில் இட்டு, மறுபடியும் திறந்தேன்.

தமிழ் தெரிந்தது. அட்டைப் பக்கத்தில் எங்கள் பள்ளியின் பெயர், கீழே 'பிரியாவிடை மலர் 2002'. அடுப்படியிலிருந்த மகளைக் கூப்பிட்டேன்.

பக்கத்துக்கு வெளியே

அம்மாவின் பக்கம் 37. அங்கே போய், தாளுக்கு வெளியே உள்ள வெற்றிடம் தெரியும்படி காட்சியைச் சிறிதாக்கினேன். வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்கம் நகர்த்தினேன். சிறிய எழுத்தில், இரு பத்திகளாக, ஒரு துண்டு கிடந்தது. பெரிதாக்கினேன்.

"காலையில நாலரைக்கெல்லாம் தப்பு அடிச்சிருவாங்க. பிள்ளைய ஆயாக் கொட்டகையில விட்டுட்டு பெரட்டுக்கு ஓடணும். பேரு கூப்பிடயில இல்லேன்னா வீட்டுக்குப் போன்னுருவாரு கிராணி. இருட்டுலதான் வெட்டணும். வெயிலு ஏறிட்டா பாலு நின்னுரும்.

மழ வந்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு மங்குல தண்ணி நெறஞ்சா அன்னிக்கு ஒலையிலயும் வெறுந் தண்ணிதான். மரம் ஈரமா இருந்தா பாலு கோட்டுல நிக்காது, பட்டையெல்லாம் வழிஞ்சிரும். அதனால வேல நிறுத்திருவாங்க. வேல இல்லேன்னா சம்பளம் ஏது? வானத்தப் பாத்துக்கிட்டேதான் எம் பொழப்பு போச்சு. ஒன்னய எதுக்கு வாத்தியாரு வேலைக்கி அனுப்புனேன்னு கேக்குற. மழ பேஞ்சாலும் சம்பளம் வரும்ல. அதுக்குத்தாண்டி."

இதைத்தான் நான் 'கல்வியே கண்ணெனக் கருதி' என்று மாற்றியிருந்தேன்.

என் மகள் அதைச் சத்தமாகப் படித்தாள். 'மங்கு' என்ற இடத்தில் நின்று, "கறி ஊற்றும் மங்கா?" என்று கேட்டாள். மரத்தில் கட்டிய பால்மங்கு என்று விளக்கினேன். கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இப்போது மழை பெய்தால் உங்களுக்குச் சம்பளம் வருகிறதா?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். மேற்கொண்டு பேச முடியவில்லை.

(மகளின் பேச்சை இக்கட்டுரையிலும் திருத்தித்தான் எழுதியிருக்கிறேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். அவள் கேட்டது, "இப்ப மழ பேஞ்சா ஒங்களுக்குச் சம்பளம் வருதாம்மா?" என்பதுதான்.)

ஐந்தாம் நாள் மற்ற 21 பேரின் பக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன். இருவருடைய மூலம் மட்டும் வெளியே கிடந்தது. மீதமிருந்த 19 பேரின் பேச்சு இல்லை. அவற்றை அந்தந்த இடத்திலேயே திருத்திவிட்டிருக்கிறேன். திருத்திய தமிழ் இருக்கிறது, திருத்தப்பட்ட மனிதர்கள் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடும் இல்லை. எக்ஸ்பியாலும் பேஜ்மேக்கராலும் அவர்களைத் திருப்பித் தர முடியாது. அந்த இழப்புக்குத் தொழில்நுட்பம் பொறுப்பன்று. நான்தான் பொறுப்பு.

கிடைத்ததை எல்லாம் உரையாக வெளியே எடுத்து, விரலியில் ஏற்றி, புதிய கணினியில் ஒருங்குறிக்கு மாற்றினேன். மலர் முழுவதையும் தாள் பார்வைக்கு அப்படியே தெரியும்படி பி.டி.எப். வடிவிலும் எடுத்து வைத்தேன்.

நாம் செய்ய வேண்டியது

ஒரு மலருக்காக இத்தனை பாடா என்று தோன்றலாம். 1957இல் நம் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. மறைந்தவற்றில் பல தோட்டப் பள்ளிகள். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பின்னும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. எங்கள் லயம் இருந்த இடத்தில் இன்று கார் நிறுத்துமிடம். இத்தகைய ஊர்களுக்கு எஞ்சியுள்ள சாட்சி பெரும்பாலும் பள்ளி மலர்களும், பெற்றோர் ஆசிரியர் சங்க அறிக்கைகளும், விளையாட்டுப் போட்டி மலர்களும்தான். அவற்றில் 1990களின் நடுவிலிருந்து 2000களின் இறுதிவரை தயாரானவை பெரும்பாலும் இப்படிப்பட்ட பழைய குறியீட்டுக் கோப்புகளாகவே கிடக்கின்றன. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறிய 2003ஆம் ஆண்டில் ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் பாட மென்பொருள் குறுவட்டுகளும் வழங்கப்பட்டன அல்லவா? அந்தக் கணினிகளில் நாம் தயாரித்த தமிழ்ப் பயிற்சித் தாள்களின் கதியும் இதுவே.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம் உண்டு. ஆனால் வீட்டுக் கணினியில் அது சரியாகத் தெரிய விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழக அரசே 2010இல்தான் அதனைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. மாறியவர்கள் தப்பித்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் ஏற்றினார்கள். காலம் மாறியதும் அவற்றை ஒருங்குறிக்கும் மாற்றினார்கள். ஒருமுறை தட்டச்சு செய்ததோடு கடமை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. நம் தோட்டத்து மலர்களை நமக்காக மாற்றித் தர யாரும் வரப்போவதில்லை.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்குச் சில கருத்துகள்:

1. பள்ளி அலமாரியில் உள்ள பழைய குறுவட்டுகளையும் நெகிழ்தட்டுகளையும் இந்த விடுமுறையிலேயே எடுத்துப் பாருங்கள். திறப்பவற்றை முதலில் படியெடுங்கள், பிறகு ஆராயுங்கள்.

2. கோப்புகளோடு எழுத்துருக்களையும் சேர்த்து வையுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் குறியீடு தெரியும். குறியீடு தெரிந்தால் மாற்றி கிடைக்கும்.

3. 'அச்சுப்படி இருக்கிறதே, அதை ஒளிவருடினால் போதும்' என்று இருந்துவிடாதீர்கள். அச்சில் வராதது கோப்பில் இருக்கலாம்.

4. என்னைப்போல் பழைய மடிக்கணினியோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதில்லை. பள்ளி திறந்ததும் இந்தக் கதையைக் கேட்ட இளம் ஆசிரியர் ஒருவர், "டீச்சர், புதிய கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி அதில் எக்ஸ்பியைப் போட்டிருக்கலாமே. அதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மாலைப்பொழுது போதும்" என்றார். ஐந்து நாள் கழித்துக் கிடைத்த அறிவுரை! உங்களுக்காவது பயன்படட்டும். ஆனால் பள்ளி வழங்கிய கணினியில் அனுமதியின்றி எதையும் நிறுவ வேண்டாம்.

5. இனி யாரையேனும் பேட்டி கண்டால், திருத்துவதற்கு முன் ஒரு படியை அப்படியே தனியாக எடுத்து வையுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்றே ஒன்று. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகளை அவர்களிடம் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து, இரண்டு இடங்களில் வையுங்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கும் காலத்திலேயே புதிய வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

மகளின் கட்டுரை எழுதி முடிக்கப்பட்டது. பாட்டி சொன்ன கடைசி இரண்டு வரிகளை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையால் 'மழ', 'பேஞ்சாலும்' ஆகிய சொற்களுக்குக் கீழே கோடிட்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிவப்புப் பேனா என் பையிலும் இருக்கிறது. மறுநாள் அவரைச் சந்தித்து, 37ஆம் பக்கத்தின் இரு வடிவங்களையும் காட்டினேன். அவர் இரண்டையும் படித்துவிட்டு, பிழை என்று போட்ட கோட்டின் அருகே 'சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

மடிக்கணினியை நான் இன்னும் பிரித்துப் போடவில்லை. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு தலைமையாசிரியர் 1999ஆம் ஆண்டு மலரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.